இரண்டு குதிரைகள் தந்த பாடம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

"இரண்டு குதிரையில் சவாரி செய்யாதே" என்று வீட்டில் பெரியவர்கள் நம்மைக் கண்டிப்பது உண்டு. படிப்பில் ஒரு கால், விளையாட்டில் ஒரு கால் என்று வைத்தால் இரண்டும் உருப்படாது என்பது அதன் பொருள். என் பாட்டி இதை வாரத்திற்கு ஒரு முறையாவது எனக்குச் சொல்லிவிடுவார்கள். ஆனால் உண்மையாகவே இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு, இரண்டையும் தாமே பழக்கி, இரண்டின் மீதும் ஏறிப் போட்டியிட்டு, இரண்டாலும் புகழ் பெற்ற ஒரு பெண்மணி இருந்தார். அவர்தான் பாட் ஸ்மைத் என்னும் ஆங்கிலேய அம்மையார்.

அன்புத் தோழியரே, நான் குதிரையேற்றம் கற்றவள் அல்லள். ஒரே ஒரு முறை ஊட்டி ஏரிக்கரையில், குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். ஆயினும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. மாலை வகுப்பில் என்னிடம் பாடம் கேட்கும் இரண்டு சிறுமிகளே அந்தக் காரணம். அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் குதிரைகளைக் காண்போம்.

தடை தாண்டும் போட்டி

குதிரையேற்றப் போட்டிகள் பல வகைப்படும். அவற்றுள் பாட் ஸ்மைத் ஈடுபட்டது தடை தாண்டும் போட்டியாகும். வேலி அடைத்த ஒரு களத்தில், வண்ணம் தீட்டிய கழிகளாலும் பலகைகளாலும் செங்கல் மதில் போன்ற கட்டைகளாலும் பத்துப் பன்னிரண்டு தடைகள் அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் வரிசைப்படியே தாண்ட வேண்டும். பெரிய போட்டிகளில் தடையின் உயரம் 1.60 மீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். நம் வகுப்பில் பெரும்பாலோர் அந்தக் கழிக்குக் கீழே தலை குனியாமல் நுழைந்து போய்விடலாம்!

இந்தப் போட்டியில் மதிப்பெண் கூட்டுவதில்லை, பிழையைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு கழி விழுந்தால் 4 பிழைகள். குதிரை தடையின் முன் நின்றுவிட்டாலோ விலகி ஓடினாலோ, பாட் ஸ்மைத்தின் காலத்தில் முதல் முறைக்கு 3 பிழைகளும் இரண்டாம் முறைக்கு 6 பிழைகளும் தருவார்கள். மூன்றாம் முறை நின்றால் வெளியேற வேண்டும். இக்காலத்தில் விதி இன்னும் கடுமை. முதல் மறுப்புக்கு 4 பிழைகள்; பெரிய போட்டிகளில் இரண்டாம் மறுப்பிலேயே வெளியேற்றம். பிழையின்றி முடித்தவர் பலர் இருந்தால், தடைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, உயரத்தைக் கூட்டி, கடிகாரத்தை வைத்து மறுபடியும் ஓட விடுவார்கள். அதில் பிழை குறைந்தவரும், பிழை சமமானால் விரைந்து முடித்தவரும் வெற்றி பெறுவர்.

கழி விழாமல் இருப்பது எளிதன்று. அதன் இரு முனைகளும் ஆழமில்லாத சிறு கிண்ணங்களில் சும்மா வைக்கப்பட்டிருக்கும். குளம்பு சற்றே உரசினாலும் உருண்டு விழுந்துவிடும். இன்னொரு துன்பமும் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், அதற்குச் சுற்றுப்புறம் ஏறக்குறைய முழுவதும் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னே, மூக்குக்கு அடியில் உள்ளது தெரியாது. ஆகவே தடையை மிக நெருங்கி எழும்பும் அந்த நொடியில், தான் தாண்டும் கழியையே அது சரியாகக் காண்பதில்லை. சற்று முன்பு கண்டதை நினைவில் வைத்தும், தன் மேல் இருப்பவரை நம்பியும் எழும்புகிறது. இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

யார் இந்த அம்மையார்?

பாட் ஸ்மைத் 1928ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பெரும் செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தையார் 1945இல் காலமானார். தாயார் குதிரைகளைப் பழக்குவதில் வல்லவர். கிளாஸ்டர்ஷயரில் உள்ள மிசர்டன் என்ற சிற்றூரில் தாயும் மகளும், வீட்டில் கட்டணம் செலுத்தித் தங்கும் விருந்தினரை வைத்துக்கொண்டு, அந்த வருமானத்தில் குதிரைகளையும் காப்பாற்றி வந்தனர்.

அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது ஃபைனாலிட்டி என்னும் சிறிய பெண் குதிரை. அதன் மீது ஏறித்தான் 1947ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முன்பே, பிரிட்டிஷ் அணியில் இடம் பெற்றார். பிறகு அந்தக் குதிரை விற்கப்பட்டது. தேர்ந்த குதிரை ஒன்றை வாங்கப் பணம் இல்லை. ஆகவே பிறர் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாத, போட்டிப் பழக்கம் இல்லாத குதிரைகளைத் தேடி, தம் கையாலேயே அவற்றை உருவாக்க வேண்டியதாயிற்று. அப்படி வந்தவைதாம் டோஸ்கா, பிரின்ஸ் ஹால் என்னும் இரண்டும்.

1952இல் தாயாரும் ஒரு கார் விபத்தில் இறந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வீட்டுப் பொறுப்பும், லாயப் பொறுப்பும், பணக் கவலையும் தனியாக அவர் தலையில் விழுந்தன. அக்காலத்தில் ஒலிம்பிக்கில் அமெச்சூர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. விளையாட்டைப் பிழைப்பாகக் கொண்டவர் அங்கே போக முடியாது. ஆகவே புத்தகங்கள் எழுதியும் உழைத்தும் குதிரைகளுக்குத் தீனி போட்டார். சிறுவர் சிறுமியருக்காக அவர் எழுதிய குதிரைக் கதைகள் பல. என்னை இந்தத் துறைப் பக்கம் இழுத்ததும் அட்டை கிழிந்த அப்படிப்பட்ட ஒரு பழைய புத்தகமே.

கற்க வேண்டிய குதிரை

டோஸ்கா சாம்பல் நிறப் பெண் குதிரை. தடை தாண்டும் போட்டிக்கு அது புதிது. புதிய குதிரைக்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதலில் அதன் மீது ஏறுவதே இல்லை. நீண்ட வாரில் கட்டி, தாம் நடுவில் நின்றுகொண்டு, அதை வட்டமாகச் சுற்றி வரச் செய்வார்கள். "நட", "ஓடு", "நில்" என்ற சொற்களை அது குரலாலேயே பழகிக்கொள்ளும். பிறகு சேணத்தின் பாரம். அதன் பிறகு மனிதரின் பாரம். உயிருள்ள ஒரு பாரம் முதுகில் அசையும்போது தன் சமநிலையைக் காத்துக்கொள்ளக் குதிரை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. நாம் முதன்முதலில் தலையில் குடத்தை வைத்து நடக்கும்போது தடுமாறுவது போலத்தான்.

அடுத்து, தரையில் ஒரே ஒரு கழியைப் போட்டு அதன் மேல் நடக்க விடுவார்கள். பிறகு ஏறக்குறைய நாலரை அடி இடைவெளியில் மூன்று நான்கு கழிகள். குதிரை மெல்லோட்டத்தில் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கால் வைத்துப் போகக் கற்கும். அதன் பின் இரண்டு கழிகளைப் பெருக்கல் குறி போலச் சாய்த்து வைத்த சிறு தடை. நடுவில் தாழ்வாக இருப்பதால் குதிரை தானே நடுப்பக்கம் வரும். பின்னர் உயரம், அகலம், வண்ணம், தண்ணீர்ப் பள்ளம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஒன்றைப் பயமின்றிச் செய்த பிறகே அடுத்தது.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. குதிரை தோற்ற இடத்தில் அன்றைய பாடத்தை முடிக்கக் கூடாது. மூன்றரை அடியைத் தாண்ட மறுத்தால், இரண்டடிக்கு இறக்கி, அதைத் தாண்ட வைத்து, கழுத்தில் தட்டிக் கொடுத்த பிறகே லாயத்திற்குக் கூட்டிப் போவார்கள். ஏனெனில் குதிரைக்கு நினைவாற்றல் மிகுதி. பயத்தோடு உறங்கப் போனால் மறுநாளும் அதே பயத்தோடுதான் எழும்.

மறக்க வேண்டிய குதிரை

பிரின்ஸ் ஹால் செம்பழுப்பு நிறக் குதிரை. அதன் கதை வேறு. அது முன்பு வேறொரு பெயரில் ஸ்டீபிள்சேஸ் என்னும் தடையோட்டப் பந்தயங்களில் ஓடிய குதிரை. அதற்குத் தாண்டத் தெரியும்; வேகமும் உண்டு; பயமும் இல்லை. அப்படியானால் வேலை எளிதுதானே என்று நாம் நினைப்போம். உண்மையில் இதுதான் கடினம்.

பந்தயத் தடைகள் விளார்களைக் கட்டி அமைத்தவை. மேல்பகுதியை உரசிக்கொண்டு, நீட்டிப் படுத்த நிலையில், வேகம் குறையாமல் பாயும் குதிரையே அங்கே கெட்டிக்காரக் குதிரை. உரசினால் அங்கே குற்றமில்லை. ஆனால் கழித் தடையில் அதே பாய்ச்சலைக் காட்டினால் வரிசையாகக் கழிகள் உருளும். ஒவ்வொன்றுக்கும் 4 பிழைகள்! அங்கே பாராட்டு வாங்கித் தந்த அதே பழக்கம் இங்கே தண்டனை வாங்கித் தருகிறது. பாவம், குதிரைக்கு விதி மாறியது தெரியாது. தான் நன்றாகத்தான் செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே தவறு செய்யும்.

இப்படிப்பட்ட குதிரைக்குச் சவுக்கு உதவாது. அடித்தால் இன்னும் வேகமாக ஓடும். வேகந்தான் அதன் நோயே. எனவே வேகத்தைத் தூண்டும் நேர்க்கோட்டை விட்டுவிட்டு, வட்டங்களில் ஓட்டுவார்கள். ஓடு, நட, நில், மறுபடி ஓடு என்று மாற்றி மாற்றிக் கேட்பார்கள். தடையைக் கண்டால் பாய வேண்டும் என்ற எண்ணம் மாறும்வரை, தடையை நோக்கிப் போய், தாண்டாமலே திரும்பி வருவார்கள். தடைக்கு முன்னும் பின்னும் தரையில் கழிகளைப் போட்டு, அவசரப்பட்டால் கால் வைக்க இடமில்லாதபடி செய்வார்கள். மெல்ல மெல்லக் குதிரை தன் பின்னங்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து, முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால்களை மடக்கித் தாண்டப் பழகும். கற்பதற்கு ஆகும் காலத்தைவிட, கற்றதை மறப்பதற்கு ஆகும் காலம் அதிகம் என்று குதிரை பழக்குவோர் சொல்வது இதனால்தான்.

ஒன்றுக்குத் தைரியம் ஊட்ட வேண்டும். மற்றதன் அவசரத்தை அடக்க வேண்டும். ஒன்றை முன்னே அனுப்ப வேண்டும். மற்றதைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே லாயத்தில், ஒரே கையின் கீழ்!

லாயத்தில் ஒரு நாள்

குதிரையேற்றம் என்றால் பளபளக்கும் காலணியும் கோட்டும் வெள்ளிக் கோப்பையும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அது ஒரு நாளில் சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் சாணமும் வைக்கோலுந்தான்.

குதிரையின் உடல் பெரிதாயினும் இரைப்பை சிறிது. ஒரே வேளையில் நிறையப் போட்டால் அதற்கு ஆகாது. அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. தவறான தீனி வயிற்றுவலியாகி உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்ந்த புல் வேண்டும். உழைப்புக்குத் தக்கபடி ஓட்ஸ் போன்ற தானியம் தனி. தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது. வெயிற்காலத்தில் இன்னும் அதிகம். காலையும் மாலையும் குளம்பின் அடியைக் குத்துக் கருவியால் சுத்தம் செய்து, கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை லாடம் மாற்ற வேண்டும். உடலைத் தேய்த்து விட வேண்டும். பயிற்சி முடிந்ததும் மூச்சு அடங்கும்வரை நடத்திக் கொண்டுவர வேண்டும். வியர்வையோடு அப்படியே கட்டிப் போடக் கூடாது.

இவை அனைத்தும் ஒரு குதிரைக்கு. இரண்டு குதிரை என்றால் எல்லாம் இரண்டு மடங்கு. ஆனால் நாள் மட்டும் ஒன்றுதான். முதல் குதிரையிடம் காட்டிய பொறுமை தீர்ந்துபோய், சோர்வோடு இரண்டாவதிடம் போனால், அது என்ன பாவம் செய்தது? அதற்கு அன்றைய முதல் ஆசிரியை நாம்தானே? இரண்டு குதிரை வைத்திருப்பவருக்கு உள்ள பெரிய சோதனை இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

களத்தில் ஒரு கணக்கு

போட்டி தொடங்குமுன் வீரர்கள் குதிரையின்றிக் களத்திற்குள் நடந்து சென்று தடைகளைப் பார்வையிடுவார்கள். அப்போது அவர்கள் சும்மா நடப்பதில்லை, அளக்கிறார்கள். ஓர் எட்டு 3 அடி இருக்கும்படி நடக்கப் பழகி வைத்திருப்பார்கள். குதிரையின் ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி. அதாவது மனிதருக்கு நான்கு எட்டு.

இரண்டு தடைகளுக்கு இடையே 24 எட்டு இருந்தால் தூரம் 72 அடி. முதல் தடையைத் தாண்டிய குதிரை சுமார் 6 அடி தள்ளி இறங்கும். அடுத்த தடைக்குச் சுமார் 6 அடி முன்னதாகவே காலெடுத்து எழும்பும். இந்த 12 அடியைக் கழித்தால் மிச்சம் 60 அடி. அதை 12 ஆல் வகுத்தால் 5. ஆக, ஐந்து பாய்ச்சலில் வந்து ஆறாவதில் தாண்ட வேண்டும்.

ஆனால் எல்லாக் குதிரைக்கும் பாய்ச்சல் 12 அடியன்று. பாய்ச்சல் சிறியதாக உள்ள குதிரையை ஐந்தில் வரச் சொன்னால் அது எட்டாமல் தவிக்கும். தடையிலிருந்து தொலைவிலேயே எழும்பிக் கழியைத் தட்டிவிடும். அதன் பாய்ச்சலை இன்னும் சுருக்கிப் பத்தடியாக்கி, அதே 60 அடியில் ஆறு பாய்ச்சல் வைத்தால் அதுவும் அழகாகத் தாண்டிவிடும். இரண்டு விடையும் சரியே! நம் கணக்குப் பாடத்தில் ஒரு கணக்குக்கு ஒரு விடைதான். குதிரைக் கணக்கில், கேட்பது யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஒரே போட்டியில் இரண்டு குதிரைகளோடு கலந்துகொள்பவர், ஒரு முறை நடந்து இரண்டு கணக்குப் போட்டு வைக்க வேண்டும். முதல் குதிரையில் ஓடி முடித்து இறங்கி, சிறிது நேரத்தில் இரண்டாவதன் மீது ஏறும்போது, முதல் குதிரையின் ஓட்டம் இன்னும் கையிலும் முழங்காலிலும் இருக்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். முதல் குதிரை ஐந்தாம் தடையில் கழியைத் தட்டியிருந்தால், இரண்டாவதும் அங்கேதான் தட்டும் என்று பயந்து கடிவாளத்தை இழுத்தால், அந்தப் பயம் வார் வழியாகக் குதிரையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒன்றின் பிழையை மற்றதன் கணக்கில் எழுதக் கூடாது.

அடைத்திருந்த கதவு

இவ்வளவு திறமை இருந்தும் பாட் ஸ்மைத்தால் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியவில்லை. காரணம், தடை தாண்டும் போட்டியில் பெண்களுக்கு அப்போது அனுமதி இல்லை. தோழியரே, இதைக் கவனியுங்கள். டோஸ்காவைப் போன்ற பெண் குதிரை அந்தக் களத்தில் தாண்டலாம். அதைப் பழக்கிய பெண் தாண்டக் கூடாது!

அக்கால விதிகள் வேடிக்கையானவை. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், குதிரையை இசைவோடு நடத்திக் காட்டும் டிரெஸாஜ் போட்டியில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. பின்னர், அந்த அணியில் ஒருவர் உண்மையான இராணுவ அதிகாரி அல்லர், அதற்குக் கீழ்ப்பட்ட சார்ஜெண்ட் என்று சொல்லி, மறு ஆண்டு பதக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குதிரைக்கு இந்தப் பதவி வேறுபாடெல்லாம் தெரியுமா?

1952இல் டிரெஸாஜ் மட்டும் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் அம்மையார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரை மீது ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். திறந்த முதல் ஆண்டிலேயே இத்தகைய ஒருவர் நுழைந்து பதக்கம் பெற்றது, அதுவரை கதவை அடைத்து வைத்திருந்தவர்களுக்குத் தகுந்த விடை ஆகும்.

தடை தாண்டும் போட்டியின் கதவு 1956இல் திறந்தது. அவ்வாண்டு ஒலிம்பிக் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்தது. ஆனால் வெளிநாட்டுக் குதிரைகள் உள்ளே வருவதற்கு அந்நாட்டு நோய்த்தடுப்பு விதிகள் இடம் தராததால், குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்றன. அங்கே ஃபிளானகன் என்ற குதிரையின் மீது பாட் ஸ்மைத் போட்டியிட்டார். அவர் இடம்பெற்ற பிரிட்டிஷ் அணி வெண்கலப் பதக்கம் வென்றது. ஒலிம்பிக் தடை தாண்டலில் பதக்கம் பெற்ற முதல் பெண்மணி அவரே. மறு ஆண்டு, 1957இல், பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்த ஐரோப்பிய மகளிர் போட்டியில் வாகை சூடினார். எந்தக் குதிரை மீது தெரியுமா? பந்தயத்தை மறந்த நம் பிரின்ஸ் ஹால்! பிறகு 1961, 1962, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஃபிளானகன் மீது அதே பட்டத்தைப் பெற்றார். 1996இல் அவர் காலமானார்.

இன்று ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில், ஒரே போட்டியில், சரிசமமாக மோதுகிறார்கள். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு டிரெஸாஜ் அணித் தங்கம் பெற்றுத் தந்த நால்வரில் இருவர் இளம்பெண்கள் என்பது நமக்குப் பெருமை.

என் இரண்டு மாணவிகள்

நம் பள்ளியில் மேல் வகுப்பு மாணவியர் சிலர், மாலையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். என் பங்குக்கு இரண்டு சிறுமிகள் வந்தார்கள். ஒருத்தி, பெற்றோரோடு ஊர் ஊராக வேலைக்குப் போனதால் பள்ளிக்கே போகாதவள். பலப்பம் பிடிக்கவும் தெரியாது. அவளிடம் நான் பொறுமையாகவே இருந்தேன். 'ட' எழுதக் கற்ற அன்று நானும் அவளும் சேர்ந்து கைதட்டினோம்.

மற்றவள் நாலாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் பாடுவாள். "ஏழாறு எத்தனை?" என்று நடுவில் கேட்டால் மட்டும் விழிப்பாள். பிறகு "ஓரேழ் ஏழு" என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்து, எல்லார் முன்னிலும், "உன் மண்டையில் ஒன்றுமே ஏறாது" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. மறுநாள் வரவில்லை. மூன்று நாள் வரவில்லை.

சிஸ்டரிடம் போய், "அவள் சோம்பேறி, சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "நாம் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம், வா" என்றார்கள். அங்கே அவளுடைய அம்மா எங்களை உட்கார வைத்து, என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, அவ ராத்திரி தூக்கத்துல கூட வாய்ப்பாடு சொல்லுறாம்மா. இன்னும் என்ன படிக்கணும்னு சொல்லுங்க, படிக்கச் சொல்றேன்" என்றார்கள். பதினைந்து வயதான என்னை டீச்சரம்மா என்று அழைத்த அந்தத் தாயின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிரின்ஸ் ஹாலைப் பற்றி நான் படித்தது அதற்குப் பிறகுதான். படித்ததும் என் தவறு புரிந்தது. வேகமாகச் சொன்னால் பாராட்டு என்று அவளுக்கு யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அதைச் சரியாகவே செய்தாள். விதி மாறியதை நான்தான் அவளுக்குச் சொல்லவில்லை. முதல் சிறுமிக்குத் தந்த பொறுமையில் பாதியையும் இவளுக்குத் தரவில்லை. ஏனென்றால் இவளுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நான்காம் நாள் அவள் வந்தபோது, முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வாய்ப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்தேன். ஏழேழாகக் குவித்து, ஒரு குவியல், இரண்டு குவியல் என்று மெதுவாக எண்ண வைத்தேன். அவள் அவசரப்பட்டால் குவியலைக் கலைத்து மறுபடியும் சேர்த்தோம். ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. ஒரு மாலை, "ஏழாறு?" என்று கேட்டேன். அவள் உதடு அசைந்தது. ஆனால் "ஓரேழ்" வரவில்லை. தரையைப் பார்த்தாள். கொட்டை இல்லாத வெறுந்தரையில் விரலால் ஆறு முறை தொட்டாள். "நாற்பத்திரண்டு, அக்கா" என்றாள். அன்றைக்கு அதோடு பாடத்தை முடித்துவிட்டேன்.

முடிவுரை

பாட்டி சொல்லும் பழமொழி தவறன்று. ஒரே நேரத்தில் இரண்டு குதிரை மேல் யாராலும் ஏற முடியாது. பாட் ஸ்மைத்தும் ஏறவில்லை. டோஸ்காவின் மீது இருக்கும்போது டோஸ்காவோடும், பிரின்ஸ் ஹாலின் மீது இருக்கும்போது பிரின்ஸ் ஹாலோடும் முழுமையாக இருந்தார். ஒன்றுக்கு உகந்த முறையை மற்றதன் மேல் திணித்திருந்தால் இரண்டையும் இழந்திருப்பார்.

நம் வகுப்பிலும், நம் வீட்டிலும், கற்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கற்றதை மறக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். யாருக்கு எது என்று அறிந்து கற்பிப்பதே நியாயம். நாளை நம்மில் பலர் ஆசிரியைகளாகவும் தாய்மார்களாகவும் ஆகப்போகிறோம். அன்று, "இவளுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு முன், "இவளுக்கு எத்தனை பாய்ச்சல் வேண்டும்?" என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமாக.